சிறு வாயில்

கள்ளக்குறிச்சி நகரில் நின்று மேற்றிசை நோக்குவார் கண்ணுக்கு, நீல முகில் படிந்தாற்போலத் தோன்றுவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய அம்மலை, பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு கூறாய், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதனை அடுத்த சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கின்றது. மலைமேல் சாமையும் தினையும் விளைகின்றன. அங்குத் தோன்றும் கோமுகி ஆறு, பாறைகளினிடையே புகுந்து, சரிவுகளில் இறங்கி, கச்சிராயபாளையத்தின் அருகே அணையில் தேங்குகின்றது. அங்கிருந்து வாய்க்கால்களின் வழியே பாய்ந்து நெல்லையும் கரும்பையும் வளர்க்கின்றது.

அவ்வாய்க்கால்களைக் காவல் செய்யும் உழவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கரை எல்லா இடத்திலும் ஒரே வகையாகத் தளர்வதில்லை. வாய்க்கால் நேரே செல்லும் இடத்தில் நீர் கரையைத் தழுவிக்கொண்டு போகும். அஃது இரண்டாகப் பிரியும் இடத்திலோ, நீர் கரையை மோதிக்கொண்டு திரும்பும். நாள்தோறும் மோதும் அவ்விடத்தில் மண் சிறிது சிறிதாகக் கரையும். கரை வெளிப்புறமாகப் பிதுங்கும். பிதுங்கிய கரை பல நாள் தாங்கி நிற்பதும் உண்டு. ஒருநாள் இரவில் உடைத்துக்கொண்டு கழனியை மூழ்கடிப்பதும் உண்டு. ஆதலால் அறிவுடைய உழவர் மடையையும் பிரிவையும் அடிக்கடி சென்று பார்ப்பர்.

மனிதனுடைய தலைக்குள்ளும் இத்தகைய வாய்க்கால்கள் உள்ளன. மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடலின் எடையில் அஃது ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும், இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மூளைக்கே செல்லுகின்றது. கழுத்தின் வழியே மேலேறும் நான்கு தமனிகள் அவ்விரத்தத்தைக் கொண்டுசெல்லுகின்றன. அவை மூளையின் அடிப்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைகின்றன. அவ்வளையத்தை ஆங்கில மருத்துவராகிய தாமஸ் வில்லிஸ் என்பார் 1664-ஆம் ஆண்டில் தம் நூலில் விளக்கினார். அதனால் அது 'வில்லிஸ் வளையம்' என்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. வளையத்திலிருந்து பிரியும் கிளைகள் மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் இரத்தத்தைப் பகிர்ந்தளிக்கின்றன.

வாய்க்காலின் பிரிவில் கரை தளர்வதுபோல, தமனி கிளைவிடும் இடத்திலும் அதன் சுவர் தளர்வது உண்டு. இரத்தத்தின் அழுத்தத்தால் அவ்விடம் ஒரு சிறு குமிழாகப் பிதுங்கும். அதனை மருத்துவர் 'அனியூரிஸம்' என்பர். நாம் 'தமனிக் குமிழ்' எனக் கூறலாம். பெரும்பாலான குமிழ்கள் ஒரு மிளகின் அளவே இருப்பன. வளர்ந்த மனிதர் நூற்றுவருள் ஏறக்குறைய மூவர்க்கு இத்தகைய குமிழ் இருக்கலாம் என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அவர்களுட் பலர் தமக்கு அஃது இருப்பதை அறியாமலே முழு ஆயுளும் வாழ்ந்து முடிப்பர். குமிழ் நோவதில்லை, பேசுவதில்லை, தன் இருப்பைக் காட்டிக்கொள்வதுமில்லை. ஆனால் உயர்ந்த இரத்த அழுத்தமும், புகை பிடிக்கும் பழக்கமும் அக்கரையை மேலும் அரிக்கின்றன. சில குடும்பங்களில் இந்நோய் வழிவழியாக வருவதும் உண்டு. ஆடவரினும் பெண்டிரே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர்.

குமிழ் உடையும் அந்நாளே கொடிய நாள். தமனியிலிருந்து பீறிட்ட இரத்தம் மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் கலந்து பரவுகின்றது. அந்நொடியிலேயே, இடி விழுந்தாற்போன்ற தலைவலி தோன்றும். வழக்கமான தலைவலி மெல்லத் தொடங்கி மெல்ல வளரும். இதுவோ சில நொடிகளில் உச்சத்தை எட்டும். "என் வாழ்நாளில் இத்தகைய வலியை நான் கண்டதில்லை" என்று நோயாளர் கூறுவர். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், வெளிச்சம் கண்ணை உறுத்தும், சிலர் மயங்கி விழுவர், சிலர்க்கு ஒரு கண்ணிமை தொங்கிவிடும்.

மலைமேல் உள்ள ஒரு சிற்றூரில் இது நிகழ்வதாக எண்ணிப் பார்ப்போம். விடியற்காலையில் ஒரு தாய் அடுப்படியில் குனிந்து நிற்கின்றாள். திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகின்றாள். வீட்டார் கூடுகின்றனர். "வெயிலில் வேலை செய்த களைப்பு" என்கின்றார் ஒருவர். "பித்தம் தலைக்கேறிவிட்டது, சுக்கை உரசிப் பற்றுப் போட்டுப் படுக்கவையுங்கள்" என்கின்றார் மற்றொருவர். சற்று நேரத்தில் வலி தணிந்தாற்போலவும் தோன்றுகின்றது. "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று எல்லாரும் ஆறுதல் அடைகின்றனர். உண்மையில் அவளுக்குச் சரியாகவில்லை. உடைந்த இடத்தை உறைந்த இரத்தம் தற்காலிகமாக அடைத்திருக்கின்றது, அவ்வளவே. உழவர் மொழியிற் கூறினால், உடைப்பில் ஒரு வைக்கோற் கட்டு வந்து சிக்கியிருக்கின்றது. அது நழுவினால் உடைப்பு மீண்டும் திறக்கும். அந்த அச்சம் முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி. இரண்டாம் முறை உடைந்தால் பிழைப்பது அரிது.

அவ்வைக்கோற் கட்டு நழுவுமுன் உடைப்பை நிலையாக அடைத்தாக வேண்டும். எப்படி அடைப்பது? இக்கேள்விக்கு விடைகாண மருத்துவ உலகம் நெடுங்காலம் உழைத்திருக்கின்றது.

முதலில் உடைப்பு எங்கே என்று காண வேண்டியிருந்தது. போர்ச்சுகல் நாட்டு மருத்துவராகிய எகாஸ் மோனிஸ் என்பார், கழுத்துத் தமனியில் ஒரு மருந்தைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தில் மூளையின் தமனிகள் மரக்கிளைபோலத் தெளிவாகத் தெரியுமாறு 1927-ஆம் ஆண்டில் செய்துகாட்டினார். 1931-இல் எடின்பரோ நகரின் நார்மன் டாட் என்னும் அறுவை மருத்துவர், உடைந்த குமிழொன்றை நோயாளியின் தசைத் துண்டாலேயே சுற்றி வலுப்படுத்தினார். கரையின்மேல் மண்ணை அணைத்ததைப் போன்றது அது. 1937-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்பார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கண்ணை அசைக்கும் நரம்பு செயலற்றுப்போன ஒருவருடைய தலையைத் திறந்து, குமிழின் கழுத்தில் ஒரு சிறு வெள்ளிக் கவ்வியைப் பொருத்தினார். கவ்வி இறுகியது, குமிழுக்குள் இரத்தம் புகுவது நின்றது, தமனியிலோ இரத்தம் முன்போலவே ஓடியது. மடையை அடைத்து, வாய்க்காலைக் காத்த செயல் அது. அந்நோயாளி நலமடைந்தார்.

வழி கிடைத்தது, ஆயினும் அது மிகப் பெரிய வழியாக இருந்தது. மிளகளவான குமிழை அடைய மண்டையோட்டின் பெரும்பகுதியைத் திறக்க வேண்டியிருந்தது. மூளையை விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூளையோ வெண்ணெய்போல் மென்மையானது. விலக்கிப் பிடித்த இடமே காயப்படுவதும் உண்டு. துருக்கி நாட்டிற் பிறந்து சூரிக் நகரில் பணிபுரிந்த யசர்கில் என்பார் 1967 முதல் அறுவை நுண்ணோக்கியின் துணைகொண்டு இப்பணியைச் செய்தார். மூளையின் மடிப்புகளுக்கு இடையே இயற்கையாகவே அமைந்த இடைவெளிகளின் வழியே செல்லும் நெறியை அவர் வகுத்தார். கண்ணுக்குத் தெரியாத நூலிழை நாளங்களும் தெரிந்தன. அதனாற் கை நிதானம் பெற்றது.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றியது விடுதலைக்குப் பின்னரே. வில்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் கனடாவில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டாகிய 1950-இல், சீர்காழியிற் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயிற்சி பெற்ற பா. இராமமூர்த்தி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். 1951-இல் இவ்விருவரும் வேறு இருவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். தலையைத் திறந்தால் உயிர் போய்விடும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தைப் பேச்சால் அன்றி, பிழைத்தெழுந்த நோயாளர்களைக் காட்டியே அவர்கள் போக்கினர்.

இதன்பின் மருத்துவர் உள்ளத்தில் மற்றொரு கேள்வி எழுந்தது. சிறிய பொருளை அடையப் பெரிய வாயில் ஏன்? பூட்டிய அறையின் சாவித்துளையில் கண்ணை வைத்துப் பார்த்த சிறுவர் எல்லாரும் அறிவர்: துளை சிறியது, ஆனால் அதன் வழியே அறையின் எதிர்ச்சுவர் முழுவதும் தெரிகின்றது. துளைக்கு அருகில் உள்ளது குறுகலாகவும், தொலைவில் உள்ளது அகலமாகவும் தோன்றுகின்றது. குமிழ் இருப்பதோ மண்டையோட்டின் ஆழத்தில். ஆகவே, தகுந்த இடத்தில் தகுந்த கோணத்தில் ஒரு சிறு துளை இருந்தாற் போதாதா? டொனால்டு வில்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1971-இல் 'சாவித்துளை அறுவை' என்னும் பெயரை இம்முறைக்கு வழங்கினார். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பணியாற்றிய ஆக்செல் பெர்னெக்கி என்பார் பிற்காலத்தில் இதனை முழுமையான முறையாக வளர்த்தார்.

இம்முறையில் புருவத்தின் மயிரினுள்ளேயே ஒரு சிறு கீறல் இடுவர். அதன் அடியில் உள்ள எலும்பில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாளரம் திறப்பர். மூளையைச் சூழ்ந்த நீரைச் சிறிது வடித்தவுடன், மூளை தானே சற்றுத் தாழ்ந்து வழிவிடும். நுண்ணோக்கியின் ஒளியிலும், உள்நோக்கிக் குழாயின் துணையாலும் மருத்துவர் குமிழின் கழுத்தை அடைந்து, டைட்டானியக் கவ்வியைப் பொருத்துவர். பின்னர் எலும்பை மூடிப் புருவத்தைத் தைத்துவிடுவர். நாளடைவில் தழும்பு புருவத்தில் மறைந்துபோகும்.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்குள்ள சிற்பியின் பட்டறையைப் பார்த்தவர்க்கு இவ்வறுவையின் நுட்பம் எளிதில் விளங்கும். பெரிய மரத்தைப் பிளக்கப் பெரிய கருவி போதும். தேவியின் கைவிரலையும் விரலில் உள்ள மோதிரத்தையும் செதுக்க வேண்டுமாயின் சிறிய உளி வேண்டும். அதனினும் மேலாக, எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை வேண்டும். உளி சிறுக்கச் சிறுக்கக் கைத்திறம் பெருக வேண்டும். சாவித்துளை அறுவையிலும் அப்படியே. கீறல் சிறியது என்பதால் அறுவை எளியது என்று கருதுவது பிழை. குமிழ் திடீரென உடைந்தால், அச்சிறு வாயிலின் வழியாகவே அதனை அடக்க வேண்டும். ஆதலின் குமிழின் இடம், வடிவம், மூளையின் வீக்கம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் வாயிலின் அளவை முடிவு செய்வர். பெரிய வாயிலே தக்கது எனத் தோன்றுமிடத்து அதனையே திறப்பர். நோயாளியின் உயிரே அளவுகோல். வாயிலின் சிறுமை அன்று.

வாயில் இன்னும் சிறுத்தது. தலையைத் திறவாமலே குமிழை அடையும் வழியை இத்தாலியிற் பிறந்த குக்லியெல்மி என்பார் கண்டார். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஒரு மெல்லிய குழாயைப் புகுத்தி, அதனை இரத்த வழியிலேயே மூளை வரை செலுத்துவர். அதன் உள்ளே மயிரினும் சற்றுப் பருத்த பிளாட்டினக் கம்பிச் சுருளை அனுப்பிக் குமிழை நிரப்புவர். மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தியவுடன் இணைப்புக் கரைந்து, சுருள் குமிழுக்குள் தங்கிவிடும். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இம்முறை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. அரிப்பால் உண்டான பள்ளத்தைக் கல்லிட்டு நிரப்பும் வேலை இது.

எது சிறந்தது, கவ்வியா சுருளா? குமிழ் உடைந்த 2,143 நோயாளரைக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. இரண்டு முறைக்கும் ஏற்றவராகக் கருதப்பட்டவர்களே அதிற் சேர்க்கப்பட்டனர். ஓராண்டின் முடிவில், இறந்தவரும் பிறர் துணையின்றி வாழ இயலாதவரும், சுருள் பெற்றாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர். கவ்வி பெற்றாருள் ஏறத்தாழ 31 பேர். ஆயினும் சுருள் இட்ட குமிழ் சில வேளைகளில் மீண்டும் திறப்பதால், மறுமுறை மருத்துவம் தேவைப்படுவது சுருள் முறையிலேயே மிகுதி. ஆகவே இரண்டும் வேண்டும். எவர்க்கு எது என்று தேர்வதே அறிவு.

மூன்றாவது முறையும் இன்று உண்டு. குமிழின் வாயைக் கடந்து செல்லுமாறு தமனிக்குள்ளேயே ஒரு நுண்வலைக் குழாயைப் பொருத்துவர். இரத்தம் குமிழை நாடாமல் நேர்வழியே ஓடும்; குமிழ் மெல்ல வற்றும். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார், பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் உருவாக்கிய நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகத்தைக் கொண்டு, இத்தகைய வலைக்குழாய் ஒன்றை நம் நாட்டிலேயே வடிவமைத்திருக்கின்றனர்.

டாண்டியின் நாளில் மண்டையோட்டின் பெரும் திறப்பாக இருந்த வாயில், புருவத்தின் கீறலாகி, மணிக்கட்டின் துளையாகிவிட்டது. இஃது அறிவின் வெற்றியே, ஐயமில்லை. ஆனால் மலைமேல் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அத்தாயை நாம் மறத்தல் ஆகாது. அவளுக்கும் அச்சிறு வாயிலுக்கும் இடையே நெடிய வழி கிடக்கின்றது. மருத்துவர் வாயிலைச் சிறிதாக்கினர். அவ்வழியைச் சிறிதாக்குவது யார் கடமை?

வழி முன்னிருந்ததைவிடக் குறைந்துதான் இருக்கின்றது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணில் இலவச அவசர ஊர்தி இயங்குகின்றது. தலையைக் குறுக்குவெட்டாகப் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவி, 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. இன்று அது மாவட்ட நகரங்களிலும் உண்டு. வலி தோன்றிய ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த படம், பரவிய இரத்தத்தைப் பெரும்பாலும் தவறாமல் காட்டிவிடும். அதன்பின் கவ்வியோ சுருளோ இடவல்ல பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பலாம். எனினும் நல்ல சாலை எட்டாத குடியிருப்புகள் மலைமேல் இன்னும் உண்டு. அங்கு நோயாளியைத் தோளில் சுமந்தே ஊர்தி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாலை அமைப்பதும் மருத்துவமே என்பதை நாட்டை ஆள்வோர் உணர்தல் வேண்டும்.

சாலையினும் நீளமான வழி ஒன்று உண்டு. அஃது அறியாமை. சாலை இருந்தும் ஊர்தி இருந்தும், "தலைவலிதானே" என்று சொல்லிக் கழியும் நேரமே பலர் உயிரைக் கொண்டுபோகின்றது. அவ்வழியைக் குறைக்கப் பொன்னும் பொருளும் வேண்டா. ஒருவர் அறிந்திருந்தாற் போதும்.

அத்தாயின் வீட்டுக்கே மீண்டும் செல்வோம். அவளுடைய மகன் பள்ளிக்குப் புறப்பட்டு நிற்கின்றான். சுக்கு உரசப் போகும் பாட்டியைப் பார்க்கின்றான். தாயைப் பார்க்கின்றான். "அம்மா, இந்த வலி மெல்ல வந்ததா, ஒரேயடியாக வந்ததா?" என்று கேட்கின்றான். "இடி விழுந்தாற்போல வந்தது, கண்ணு, இப்படி எனக்கு வந்ததே இல்லை" என்கின்றாள் அவள். அவள் கழுத்து விறைத்திருப்பதையும், ஒளியைக் கண்டு முகத்தைத் திருப்புவதையும் அவன் காண்கின்றான். அவன் காலம் தாழ்த்தவில்லை. "பாட்டி, பற்று வேண்டா, வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்" என்கின்றான். தந்தையிடம் சொல்லி 108-ஐ அழைக்கச் செய்கின்றான். தாயை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைக்கின்றான். வலி தொடங்கிய நேரத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றான். மருத்துவர் முதலிற் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். அண்டை வீட்டு இளைஞர் நால்வர் தொட்டில் கட்டுகின்றனர். சூரியன் மலைமுகட்டுக்கு மேலே எழுமுன் அவர்கள் சரிவில் இறங்கத் தொடங்கிவிட்டனர்.

அவள் பிழைப்பாளா? அதனை எவரும் உறுதியாகக் கூற இயலாது. இந்நோய், சிறந்த மருத்துவத்தின் நடுவிலும் பலரைக் கொண்டுபோகும் கொடிய நோய். குமிழை அடைத்த பின்னும், நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே தமனிகள் சுருங்கி மூளைக்குத் தீங்கு விளைவிப்பதும் உண்டு. அந்நாள்களிலும் மருந்தும் காவலும் வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. வீட்டிலேயே படுத்திருந்தால் அவளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பை, அம்மாணவன் கேட்ட ஒரு கேள்வி உண்டாக்கித் தந்தது.

கோமுகியின் கரையைக் காப்பவன் உடைப்பைக் கண்டவுடன் ஊரைக் கூவி அழைக்கின்றான். "விடியட்டும், பார்க்கலாம்" என்று அவன் உறங்கச் செல்வதில்லை. உடலாகிய கழனிக்கும் அத்தகைய காவல் வேண்டும். இரத்த அழுத்தத்தை அளந்து அறிதலும், புகையிலையை விலக்குதலும், உடைப்புக்கு முன் செய்யும் காவல். இடிபோல் வந்த தலைவலியை இகழாது உடனே மருத்துவமனைக்கு விரைதல், உடைப்புக்குப் பின் செய்யும் காவல். அறிஞர் பலர் அரும்பாடுபட்டு ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றனர். நோயாளியை அவ்வாயிலின்முன் உரிய காலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பொறுப்பு.